சிப்பாய்க்கும் உண்டு எஃப்.சி.!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

லாரி, பஸ் வைத்திருப்பவர்களிடம் 'எஃப்.சி.' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கும். புது வண்டி என்றால் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அதற்கப்புறம் வருடா வருடம். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். செலவுக்காக ஓனர் புலம்புவாரே தவிர, "கம்பெனியிலிருந்து வரும்போதே நல்லாத்தானே இருந்துச்சு, அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பப் பாக்குறீங்க?" என்று கேட்கமாட்டார். ஓடுகிற வண்டி தேயும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் பட்டாளத்தில் இருக்கும் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டப் பரீட்சை என்றால் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. "செலக்‌ஷன்லயே ஓடித்தானே உள்ள போனாரு?" என்கிறோம்.

இந்தக் கேள்வியை நான் சும்மா எழுதவில்லை. நம் கல்லூரி மைதானத்தில் காலை ஐந்தரை மணிக்கு யார் வந்து பார்த்தாலும் தெரியும். ஏழெட்டுப் பேர் ராணுவ ஆள்சேர்ப்புக்காக ஓடிக்கொண்டிருப்பார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஓட்டத்துக்கான 60 மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும். பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இவ்வளவும் முடித்துவிட்டால் "அப்புறம் லைஃப் செட்டில்டா மாப்ளே" என்பதுதான் அவர்களில் பலருடைய கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ஸ்டெப் விட்டுப்போயிருக்கிறது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி சேருகிறவர்களுக்குப் பணி நான்கு வருடம். அதற்குப் பிறகு நிரந்தரமாக எடுத்துக்கொள்வது 25 சதவீதம் பேர் வரைதான். ஆகவே முதல் நாள் ஓடிய ஓட்டம் மட்டும் கடைசி வரை காப்பாற்றாது.

சரி, ராணுவத் தளபதிகள் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப ஓடச் சொல்கிறார்கள்? தண்டனையா? சம்பிரதாயமா? மேலதிகாரிகளின் பொழுதுபோக்கா?

சித்தப்பா சொன்ன பாடம்

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் இல்லாத வீட்டை எண்ணுவது சுலபம். என் சித்தப்பாவும் பட்டாளம்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தார். வயது முப்பத்தெட்டு. பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஒருவகையில் நம்ம சிவில், மெக்கானிக்கல் ஆட்கள்தான், யூனிஃபார்ம் மட்டும் வேறு.

லீவில் வந்தாலும் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவார். முதுகில் ஒரு பழைய பை, அதற்குள் மணல். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் சித்தப்பா, லீவுல கூடவா?"

"இன்னாடா, லீவுன்னா எனக்குத்தான் லீவு. ஒடம்புக்கு ஏது லீவு? முப்பது நாளு பிரியாணியும் தூக்கமுமா இருந்துட்டுப் போனா, போன வாரமே பி.பி.இ.டி. நிக்கும். மூச்சு காட்டிக் குடுத்துடும்."

பி.பி.இ.டி. என்பது போர்க்கால உடல் திறன் பரீட்சை. முழுப் போர்ச் சுமையோடும் துப்பாக்கியோடும் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதோடு 60 மீட்டர் வேக ஓட்டம், கயிறு ஏறுதல், குறுக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டே நகர்தல், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுதல் எல்லாம் உண்டு. பி.பி.டி. என்று இன்னொன்று இருக்கிறது. அதில் சுமை கிடையாது. 2.4 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் மேலேறுதல், சிட்-அப்ஸ் இப்படிப் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடத்துவது நெடுநாள் வழக்கம். வயதுக்குத் தகுந்த மாதிரி நேரத்தில் சலுகை உண்டு. பரீட்சையே வேண்டாம் என்கிற சலுகைதான் சித்தப்பா வயதில் கிடையாது.

"ஃபெயிலானா என்ன சித்தப்பா பண்ணுவாங்க?"

"திரும்ப ஓடணும். திரும்பத் திரும்ப ஆகலேன்னா ரெக்கார்டுல ஏறும். நாயிப் சுபேதார் புரமோஷனுக்குப் பேர் போகுற நேரம்டா எனக்கு" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சித்தியும் இரண்டு பிள்ளைகளும் அந்த ஏரிக்கரை ஓட்டத்தில் கூடவே ஓடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

உடம்பு பேங்க் அல்ல

ஒரு தடவை சேர்த்த பலம் உடம்பில் டெபாசிட் மாதிரி இருக்கும் என்பது நம் எல்லோருடைய நினைப்பு. "நான் டென்த் படிக்கும்போது ஸ்டேட் லெவல்ல ஓடினவன் தெரியுமா?" என்று தொப்பையைத் தடவிக்கொண்டு சொல்லும் மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உண்மை என்ன?

1966-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். ஏறத்தாழ நம் வயதுக்காரர்கள், 20 வயது இளைஞர்கள் ஐந்து பேர். மூன்று வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. படுப்பதற்கு முன்பும் பின்பும் அவர்கள் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். (மோட்டாருக்குக் குதிரைத்திறன் எப்படியோ, ஓடுகிற மனிதனுக்கு இது அப்படி.) மூன்று வாரத்தில் அது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! பிறகு எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பழைய நிலை வந்தது, சிலருக்கு அதைவிடக் கூடியது.

கதை அதோடு முடியவில்லை. 30 வருடம் கழித்து, 1996-இல், அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடியும் அளந்தார்கள். எல்லோருக்கும் வயது ஐம்பது. முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அன்றைக்கு மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம் என்று தெரிந்தது.

இதை ஒரு தளபதி படித்தால் என்ன நினைப்பார்? 'போன வருஷம் பாஸ் பண்ணினான்' என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு இந்த மாதம் மலைக்கு ஆள் அனுப்ப முடியாது என்றுதானே? நம் ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரை எடுத்ததும் முதலில் ஜீரோ எரர் பார்க்கச் சொல்கிறார்கள். நேற்று சரியாக இருந்தது என்பதால் இன்றைக்குப் பார்க்காமல் விடுவதில்லை. அந்தக் கதைதான் இதுவும்.

அளப்பதற்கு லேப் வேண்டுமே, ஆயிரக்கணக்கான சிப்பாய்களை எப்படி அளப்பது என்று கேட்கலாம். அதற்கு வழி கண்டவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர். வீரர்களை 12 நிமிடம் ஓடச் சொன்னார். எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதையும், லேபில் அளந்த ஆக்சிஜன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் நன்றாகப் பொருந்தின. 1968-இல் வெளியிட்டார். ஃபார்முலா நமக்குப் பிடித்த மாதிரி எளிமையானது: 12 நிமிடத்தில் ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2400 மீட்டர் ஓடினால் விடை 42.4 வரும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு, இத்தனை மில்லி லிட்டர் ஆக்சிஜன் என்று அர்த்தம். ஒரு விசிலும் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும். ஓட்டம் ஏன் எல்லாப் படைகளிலும் பரீட்சையாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். செலவில்லாத மீட்டர் அது!

ஆர்டர் போட்டவரே ஓடிய கதை

இது புதுப் பழக்கமும் இல்லை. பழைய ரோமானியப் படைகளைப் பற்றி எழுதிய வெஜிடியஸ் ஒரு செய்தி சொல்கிறார். அகஸ்டஸ், ஹேட்ரியன் என்ற இரண்டு பேரரசர்களின் சட்டப்படி, மாதத்துக்கு மூன்று முறை படையைக் கவசம், ஆயுதத்தோடு பத்து மைல் நடக்க வைத்துக் கூட்டி வர வேண்டுமாம். ரோமானிய மைல் கொஞ்சம் சின்னது. பத்து மைல் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் மூன்று முறை!

அடுத்த கதை அமெரிக்காவில். 1900-களின் தொடக்கத்தில் அங்கே அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தம் ராணுவ அதிகாரிகளில் பலர் நாற்காலியிலேயே உட்கார்ந்து பருத்துவிட்டதைப் பார்த்தார். 1908-இல் ஓர் உத்தரவு போட்டார். அதன்படி அதிகாரிகள் மூன்று நாளில் 50 மைல் நடந்து காட்ட வேண்டும். மொத்த நேரம் 20 மணிக்குள் இருக்க வேண்டும். மேல்நிலை அதிகாரிகளுக்குக் குதிரைச் சவாரிப் பரீட்சை. மூன்று நாளில் 90 மைல். புகார்கள் கிளம்பின. 'இந்த வயதில் இதெல்லாம் கொடுமை' என்றார்கள்.

ரூஸ்வெல்ட் என்ன செய்தார் தெரியுமா? 1909 ஜனவரி 13 அன்று விடியுமுன் வெள்ளை மாளிகையிலிருந்து குதிரையில் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 50. வர்ஜீனியாவில் உள்ள வாரன்டன் ஊர் வரை போய், பனியும் சாரலும் முகத்தில் அடிக்க அடிக்க, இரவுக்குள் திரும்பி வந்துவிட்டார். ஏறக்குறைய 100 மைல். மற்றவர்களுக்கு மூன்று நாள் கொடுத்ததைத் தாம் ஒரே நாளில் முடித்தார். புகார் சொன்ன வாய்களுக்கு இதற்குமேல் பதில் வேண்டுமா?

அந்தக் காகிதம் அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வெளியே வந்தது. கென்னடி அதிபராக இருந்த காலத்தில் அவருக்கும் மரீன் படைத் தளபதி டேவிட் ஷூப்புக்கும் இடையே அந்தப் பழைய உத்தரவு பற்றிப் பேச்சு வந்தது. 'இன்றைய அதிகாரிகளால் இது முடியுமா?' என்று கேட்டார் கென்னடி. 1963 பிப்ரவரியில் மரீன் அதிகாரிகள் நடந்து காட்டினார்கள். அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சாதாரணத் தோல் ஷூவோடு ஒரே நாளில் 50 மைல் நடந்தார். ஊரே நடக்க ஆரம்பித்தது.

சமீபத்தில், 2025 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்செத் நூற்றுக்கணக்கான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் குவாண்டிகோ என்ற இடத்தில் கூட்டி வைத்து, எந்தப் பதவியில் இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை உடல் திறன் பரீட்சை, இரண்டு முறை உயரம்-எடைப் பரிசோதனை என்று அறிவித்தார். அவர் பேசிய விதம் பிடிக்கவில்லை என்று பலர் விமர்சித்தார்கள். ஆனால் 'ஜெனரலும் ஓட வேண்டும்' என்ற அந்த ஒரு அம்சம் ரூஸ்வெல்ட் காலத்துச் சரக்குதான்.

சித்தப்பாவிடம் இந்தக் கதைகளைச் சொன்னேன். "எங்க சி.ஓ. முன்னாடி ஓடுவார்டா. அவர் முன்னாடி ஓடுனா எவன் பின்னாடி நிப்பான்?" என்று மட்டும் சொன்னார்.

மெஷின் கைவிட்டால்...

'இப்போதெல்லாம் ஹெலிகாப்டர் இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது, ஏவுகணை இருக்கிறது. காலால் என்ன ஆகப்போகிறது?' என்று நம் மாதிரி டெக்னிக்கல் ஆட்களுக்குத் தோன்றும். அதற்குப் பதில் 1982-இல் நடந்த ஃபாக்லாந்து போரில் இருக்கிறது.

தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் அந்தத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொண்டது. மீட்பதற்காக பிரிட்டனிலிருந்து படைகள் கப்பலில் கிளம்பின. 'கான்பெரா' என்ற பயணிகள் கப்பல் ஏப்ரல் 9 அன்று புறப்பட்டது. வீரர்கள் தீவில் இறங்கியது மே 21. ஆறு வாரம் கடலில்! டல்லஸ் சோதனையை நினைத்துப் பாருங்கள். ஆறு வாரம் கப்பலில் சாப்பிட்டுப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கப்பலின் மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றித் தினமும் ஓடினார்கள். பூட்ஸ் சத்தத்தில் கப்பலே அதிருமாம்.

கரையிறங்கிய பிறகு படைகளைத் தீவின் மறுகோடிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோவதாகத் திட்டம். மே 25 அன்று 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கியது. அதோடு மூன்று பெரிய சினூக் ஹெலிகாப்டர்களும் ஆறு வெஸ்ஸெக்ஸ் ஹெலிகாப்டர்களும் போயின. திட்டம் காலி! மிச்சம் இருந்தது கால்கள்தான். மரீன் வீரர்களும் பாராசூட் படையினரும் முதுகில் 80 பவுண்டு, அதாவது 36 கிலோ சுமையோடு, சதுப்பு நிலத்தில், குளிரில், மூன்று நாளில் 56 மைல் நடந்தார்கள். நடந்து முடித்த பிறகுதான் சண்டையே! கப்பலில் ஓடியது எதற்கு என்று அப்போது தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் 1999 கார்கில் போர். ஜூன் 13-இல் டோலோலிங், ஜூலை 4-இல் டைகர் ஹில். டைகர் ஹில்லின் உச்சி 16,500 அடிக்கும் மேல். இருட்டில் சுமையோடு ஏற வேண்டும், மேலே இருந்து சுடுவான். நம் தமிழ்நாட்டு மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு மலையில்தான். திருச்சிப் பக்கம் போனால் அவர் நினைவிடத்தைப் பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆள் 70 கிலோ, சுமை 20 கிலோ. ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கி 3600-ஆல் வகுத்தால் சுமார் 74 வாட். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மனித உடல் என்கிற இன்ஜினின் எஃபிஷியன்சி ஏறக்குறைய 20-லிருந்து 25 சதவீதம். ஆக உள்ளே 300-லிருந்து 370 வாட் வரை எரிய வேண்டும். இடைவிடாமல், மணிக்கணக்கில்! எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கீழே 5 கிலோமீட்டருக்கே திணறுகிறவர் அங்கே என்ன செய்வார்?

லே பக்கம் தாம் இருந்தபோது நடந்ததைச் சித்தப்பா சொன்னார். பாதை வேலைக்குப் போன குழுவில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. வண்டி வரும் இடம் வரை நாலு பேர் மாற்றி மாற்றி முதுகில் தூக்கி வந்தார்களாம். "அன்னைக்கு என் முதுகுல இருந்தது அவன். நாளைக்கு அவன் முதுகுல நான். எவ்ளோ நேரத்துல ஓடுறேன்றது எனக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லடா தம்பி."

பத்துப் பேர் கொண்ட குழுவின் வேகம், அதில் மெதுவாக நடப்பவருடைய வேகம்தான். ஒருவர் உட்கார்ந்தால் அவரைத் தூக்க இரண்டு பேர், அவர்கள் சுமையைத் தூக்க இன்னும் இரண்டு பேர். பாதிக் குழு காலி. தளபதிக்கு வேண்டியது தைரியமானவர்களின் பட்டியல் மட்டும் இல்லை. 'இன்றைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோவோடு, இத்தனை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேருவார்கள்' என்ற நம்பகமான கணக்கும் வேண்டும். திரும்பத் திரும்பப் பரீட்சை வைத்தால்தான் அந்தக் கணக்கு கையில் இருக்கும். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைத்தால், பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் ஓடிச் சமாளிக்கலாம் என்பது நடக்காது. எஃப்.சி.க்காக மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டும் வித்தை உடம்பிடம் செல்லாதே!

பரீட்சையும் தவறலாம்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் எவ்வளவு கடுமையோ அவ்வளவு நல்லது' என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். உத்தரவு போடுகிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது.

2013 ஜூலை 13 அன்று பிரிட்டனில் வேல்ஸ் மலைப்பகுதியில் சிறப்புப் படைக்கான 16 மைல் தேர்வு நடை நடந்தது. கடும் வெயில் நாள். பங்கேற்றவர்களில் மூன்று பேர் வெப்பத்தால் இறந்தார்கள். நடத்தியவர்கள் கவனிப்பில் கோட்டை விட்டதை 2015-இல் மரண விசாரணை வெளிப்படையாகச் சொன்னது. நாம் மேலே போட்ட கணக்கு இங்கேயும் வருகிறது. உடலில் எரிவதில் நான்கில் மூன்று பங்கு வேலையாக மாறுவதில்லை, சூடாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேற வழி இல்லாத நாளில் இன்ஜின் சீஸ் ஆகிவிடும். போருக்குத் தயார் செய்யும் பரீட்சையே உயிரை எடுத்தால் அது யாருக்கு வெற்றி?

1962-இல் நம்காசூ ஆற்றங்கரைக்கு நம் வீரர்கள் அனுப்பப்பட்டது இன்னொரு பாடம். பருத்திச் சீருடையோடும் கேன்வாஸ் ஷூவோடும், உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கு முன்பே மலையேறினார்கள். பலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. எவ்வளவு ஓடிப் பழகியவராக இருந்தாலும் இதற்குத் தப்ப முடியாது. இந்தப் பாடம் பிறகு விதியாகவே ஆனது. 9,000 அடிக்கு மேலே போகும் சிப்பாய்க்கு முதல் கட்டமாக ஆறு நாள், 12,000 அடியைத் தாண்டினால் நான்கு நாள், 15,000-ஐத் தாண்டினால் இன்னும் நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கிய பிறகுதான் வேலை.

எதைப் பரீட்சிப்பது என்பதிலும் சண்டை உண்டு. அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த புதுப் பரீட்சையில், கம்பியில் தொங்கிக்கொண்டு முழங்காலை முழங்கை வரை தூக்கும் ஒரு பயிற்சி இருந்தது. நிறையப் பேர், குறிப்பாகப் பெண் வீரர்கள், அதில் தோற்றார்கள். அது வயிற்றுத் தசையை அளக்கிறதா, கை பலத்தை அளக்கிறதா என்று கேள்வி வந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். தப்பான கேஜை வைத்து அளந்தால் நல்ல பாகமும் ரிஜெக்ட் ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்யும் சிப்பாய்க்கும் மலையேறும் சிப்பாய்க்கும் ஒரே அளவு வேண்டுமா என்பது பல படைகளில் தொடர்ந்து நடக்கும் விவாதம். என் கருத்தைக் கேட்டால், அளவு வேறாக இருக்கலாம், ஆனால் பரீட்சையே இல்லாதவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாது. உத்தரவு போடுகிறவர் முதல் ஆளாக ஓட வேண்டும், வெயிலையும் வியாதியையும் பார்த்து நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக நமக்கு

நண்பர்களே! காலை ஐந்தரை மணிக்கு ஓடுகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் ஐந்தரை நிமிடம் பட்டாளத்தின் வாசற்படி மட்டுமே. உள்ளே போன பிறகும் ஓட வேண்டும் என்று தெரிந்தே ஓடுங்கள். முன்னால் ஓடுகிறவனை முந்துவதோடு, பின்னால் திணறுகிறவனைக் கூட்டி வரவும் இப்போதே பழகுங்கள். அங்கே அதுதான் வேலை.

பட்டாளம் பக்கமே தலை வைக்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஷெட்டிலும் சைட்டிலும் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கப் போகிறவர்கள் நாம். நம் உடம்பையும் ஒருநாள் யாராவது நம்பி இருப்பார்கள், அம்மா அப்பாவாவது இருப்பார்கள். நமக்கு உத்தரவு போட எந்தத் தளபதியும் வரமாட்டார், நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறுவதற்கு முன், நம் மைதானத்தில் 12 நிமிடம் ஓடிப் பாருங்கள். மூச்சுக் கோளாறு, இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மற்றவர்கள் எத்தனை ரவுண்டு என்று எண்ணி மீட்டராக்குங்கள். 504.9-ஐக் கழியுங்கள், 44.73-ஆல் வகுங்கள். வரும் எண்ணைத் தேதியோடு ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த தடவை ஓடும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று நோட்டே சொல்லும்!